காலிப் பாட்டில் முகரும் வேலை

எங்கள் ஆலையின் பீர் முதல் முப்பது வருடம் பச்சைப் பாட்டிலில்தான் வந்தது. திரும்பி வரும் பாட்டிலை நிறுத்திவிட்டுப் புதுசாகப் பழுப்புப் பாட்டில் வாங்கியது வெயில் பட்டு பீர் கெடாமலிருக்க என்று ஆலையின் வரலாற்றுப் புத்தகத்தில் எழுதப்போகிறீர்களாம். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாறியது என்னால்.

அப்போது காலிப் பாட்டில்கள் கடைகளிலிருந்து திரும்பி வரும். ஜனங்கள் சும்மா விடுவார்களா? மண்ணெண்ணெய், பூச்சிமருந்து எல்லாம் அதில்தான் ஊற்றி வைப்பார்கள். கழுவினாலும் லேசில் போகாது. அதனால் கழுவும் முன் ஒவ்வொன்றாக முகர்ந்து, கெட்டதை ஒதுக்க ஓர் ஆள் வேண்டும். அது நான். ஆலையில் எனக்கு மூக்குக்காரர் என்றே பெயர்.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாடையும் தெரியாமல் போனது. வெளியே சொன்னால் மூட்டை தூக்க அனுப்பிவிடுவார்கள். ஆகவே பெட்டிக்கு ஒரு பாட்டிலைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கினேன். முகம் சுளிக்கவும் மறக்கவில்லை. “இந்தாளுகிட்ட மோப்ப நாயே தோத்துடும்” என்பார் மேஸ்திரி. நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்படியே பதினோரு மாதம் ஓடியது.

பிறகு ஒரு தையல்காரர் எங்கள் பீரைக் குடித்துவிட்டுச் செத்தார். பாட்டிலில் பூச்சிமருந்து.

கழுவும் இயந்திரம் என் தங்கை புருஷன் பொறுப்பு. முகர்ந்தவன் கோட்டை விட்டானா, கழுவியவன் தண்ணீரில் போடும் காரச் சோடாவைக் குறைத்தானா என்று விசாரணை. அன்றைக்குக் கழுவிய பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் பழைய பீர் வாடை மிச்சமிருந்தால் சரியாகக் கழுவவில்லை என்று அவர் மாட்டுவார். இல்லாவிட்டால் நான். மேலாளர் முகர்ந்து பார்த்து, “எனக்கு ஒண்ணும் தெரியல, நீங்க பாருங்க” என்று நீட்டினார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். “சொல்லுங்க மச்சான். நீங்க என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கிறேன்.”

நிதானமாக முகர்ந்தேன். கண்ணாடியின் சில்லிப்பு மட்டும் மூக்கு நுனியில் பட்டது.

“அடிக்குது” என்றேன்.

சொன்னபடியே ஒத்துக்கொண்டார். சோடா குறைந்திருக்கும், என் கவனக்குறைவுதான் என்று கையெழுத்தும் போட்டார். ஏழு வருடம் தண்டனை. ஆலையும் அத்தோடு பழைய பாட்டில் வாங்குவதை நிறுத்தியது. நாலாவது வருடம் உள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சேதி வந்த அன்று தங்கை என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். அன்றிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்க முடிவதில்லை. நான் பாவி, மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டிலில் வாடை இருந்தது. இல்லாமலா சொல்லியிருப்பேன், சொந்தத் தங்கை புருஷன் ஆயிற்றே.