நார்வே துரைசானி சொன்ன முடிவு

"சார், கதையில அந்த அப்பா வந்துட்டாருல்ல? எங்கப்பா மட்டும் ஏன் சார் வரல?"

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று நான் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அமிர்தலிங்கம் அவர்களே, தலைமையாசிரியை வள்ளிநாயகி அவர்களே, மம்பாவிலிருந்தும் நீலாயிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பழைய மாணவர்களே, தோட்டத்துத் தாய்மார்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

நம் பள்ளி அலமாரியில் பத்தொன்பது புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை எழுதிய குழந்தை எழுத்தாளர் ராக்னில் ஹோவ்டன் அம்மையார் சென்ற மாதம் நார்வேயில் காலமானார். வயது எழுபத்தாறு. அந்த நாட்டில் அவர் கதையைக் கேட்டு வளராத பிள்ளை இல்லையாம். பிள்ளைகளின் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வருமாம். ஆனால் அவர் முதன்முதலில் கதை சொன்னது எங்கே? இங்கே! ரந்தாவுக்குப் பக்கத்தில், நம் தோட்டத்து ரப்பர் ஸ்டோர் வாசலில்! முதலில் கேட்டவர்கள் யார்? நம் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள்!

தோட்டத்து இஞ்சினியரின் மனைவியாக வந்தவர் அவர். சண்டை வந்ததும் ஆங்கிலேயரான கணவரைச் சிங்கப்பூர் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் திரும்பவே இல்லை. நார்வே தங்களுக்கு நண்பனா எதிரியா என்று இங்கிருந்த ஜப்பான் அதிகாரிகளுக்கே தெளிவில்லை. அதனால் அம்மையாரை மட்டும் ஓராண்டுக்கு மேல் பங்களாவில் விட்டுவைத்தார்கள். அவ்வளவு பெரிய பங்களா, ஒரே ஒரு ஆள். சுற்றிலும் பால்வெட்டு நின்றுபோன மரங்கள். பேசுவதற்கு யார் இருந்தார்கள்?

ஒரு நாள் லயத்துக்கு நடந்தே வந்தார். நான் அப்போது இருபத்திரண்டு வயது வாத்தியார், கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். "நான் கதை சொல்கிறேன், நீங்கள் தமிழில் சொல்லுங்கள்" என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கதை. பிள்ளைகள் என்னை விடுவார்களா?

"சார், துரைசானி ரெண்டு வார்த்த சொல்லுது, நீங்க ரெண்டு முழம் இழுக்கிறீங்க!"

"சும்மா இருடா, அது இங்கிலீசுல சுருக்கமா இருக்கும்லா!"

அப்படி வந்ததுதான் சப்பாத்துக் கதை. கடலுக்குப் போன அப்பா வீடு திரும்பவில்லை. அவருடைய சப்பாத்து கதவோரமாகவே இருக்கிறது. மகள் அதற்குள் துணியை அடைத்துப் போட்டுப் பார்க்கிறாள். வருஷம் போகப் போகத் துணி குறைகிறது. ஒரு குளிர்காலத்தில் துணியே இல்லாமல் சப்பாத்து காலுக்குப் பொருந்திவிடுகிறது. அதைப் போட்டுக்கொண்டு அவளே படகுக்குப் போகிறாள். அதுதான் அம்மையார் சொன்ன முடிவு.

என் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பாக்களைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். முன்வரிசையில் எட்டு வயதுப் பிள்ளை பஞ்சாலை. அவள் அப்பா முனியாண்டியை லாரியில் ஏற்றி மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன்? "டக் டக்கென்று கதவு தட்டும் சத்தம். 'என் சப்பாத்து எங்கம்மா?' என்று அப்பா வந்து நிற்கிறார்!" என்று முடித்துவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"எதற்குக் கைதட்டுகிறார்கள்?" என்று கேட்டார் அம்மையார். "கதை பிடித்திருக்கிறது" என்றேன்.

பத்து நாள் கழித்து இருவரும் பஞ்சாலை வீட்டுக்குப் போனோம். அரிசி கிடைக்காத காலம். மரவள்ளி ஊன்றினால்தான் வயிற்றுக்கு. அவள் அம்மா தாயம்மா உடைந்த இரும்புக் கம்பியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். முனியாண்டி மண் கொத்தும் நல்ல சங்குல் ஒன்று கதவுக்குப் பின்னால் சாக்கில் சுற்றப்பட்டு நின்றது.

"அத எடுக்க விடமாட்டேங்கிறா சார். அப்பா வந்து கேட்டா எதக் குடுக்கிறதுன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவுறா. வாத்தியாரே சொன்னாராம்!"

அதை நான் அம்மையாருக்கு ஒழுங்காக மொழிபெயர்த்தேன், கதையின் முடிவை மாற்றியதையும் சேர்த்து. அன்றுதான் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. அவர் கோபப்படவில்லை. "என் அப்பா கடலிலிருந்து வரவில்லை. யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஏழு வருஷம் தனியாகக் காத்திருந்தேன். அந்தப் பெண்ணிடம் என் முடிவைச் சொல்லுங்கள்" என்றார். சரி என்றேன். அந்த வாரமே லாரி வந்து அவரையும் முகாமுக்குக் கொண்டுபோனது. சில மாதம் கழித்துத்தான் பஞ்சாலை அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் சிலேட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

சண்டை முடிந்து ஊர் போய்ச் சேர்ந்தவர் சப்பாத்துக் கதையைத்தான் முதல் புத்தகமாக எழுதினார். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு ஒரு கடிதம் வரும். கடைசி வரி மட்டும் மாறவே மாறாது: "சொல்லிவிட்டீர்களா?" நான் மழையைப் பற்றி எழுதினேன், பள்ளிக்கு வந்த புதுக் கூரையைப் பற்றி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதவில்லை. நானும் தனி ஆள். கடிதம் வந்த நாளில் வீட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். 'இல்லை' என்று எழுதினால் அது நின்றுவிடுமோ என்று பயந்தேன். இப்போது நின்றேவிட்டது.

போன வாரம் பஞ்சாலை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"தெரியும் சார். பதினோரு வயசுல அந்த சங்குலத் தூக்கிப் பார்த்தேன், கைக்கு அடங்குச்சு. கொல்லையக் கொத்தப் போயிட்டேன். இனி அப்பா வரமாட்டாருன்னு அன்னிக்கே தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லலியாம்மா?"

"யார்கிட்ட சொல்றது? அம்மாகிட்ட சொன்னா அழும். உங்ககிட்ட சொன்னா நீங்க அழுவீங்க. அவ்வளவு ஆசையா சொன்னீங்களே சார், அந்தக் கதைய."

கேட்டீர்களா? அவர் பதினோரு வயதில் தனியாக அந்த முடிவுக்கு வந்திருக்கிறார். அதே தோட்டத்தில் நான் தனியாக. கடலுக்கு அப்பால் அம்மையார் தனியாக. மூன்று பேரும் ஒரே கதைக்குள் நாற்பது வருஷம் இருந்திருக்கிறோம், இதை ஒருவரோடு ஒருவர் பேசாமல்!

அம்மையாரே, சொல்லிவிட்டேன். தாமதமாகத்தான் சொன்னேன். உங்கள் கதைகளை இனி வெள்ளிக்கிழமைதோறும் இந்தப் பள்ளியில் தமிழில் படிப்பேன். நீங்கள் எழுதிய முடிவோடு படிப்பேன். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பஞ்சாலை சாட்சி.

நீங்கள் எல்லாரும் இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கதை சொல்லுங்கள். அப்பா வருவாரா என்று அது கேட்டு, உங்களுக்குப் பதில் தெரியவில்லையென்றால், தெரியாது என்றே சொல்லுங்கள்; சொல்லிவிட்டு எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.