வெசெலின் கராஜோவின் இருக்கையில் யார்?

மேடையில் வீற்றிருக்கும் நீதிபதி கொஸ்தோவா அம்மையார் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர்களே, வெசெலினின் துணைவியார் எவ்தா அக்கா, பேருந்துப் பணிமனைத் தோழர்களே, கடைசி வரிசையில் கறுப்பு முக்காட்டோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியமில்லை. இருந்தும் பேசுகிறேன். நீதிபதியோடு அமர்ந்து தீர்ப்பளிக்கும் மக்கள் நடுவர் வெசெலின் கராஜோவ் போய்விட்டார்! மார்வலி என்று படுத்தவர் எழவில்லை.

அவர் சட்டம் படித்தவரா? இல்லை. அங்கி அணிந்தவரா? இல்லை. பேருந்து ஓட்டியவர். ஆனால் பாலர் பள்ளிக் கூரை இடிந்து பிள்ளைகள் மாண்ட வழக்கில் நீதிபதிக்கு வலப்பக்கம் அவர், இடப்பக்கம் நான். மூவருக்கும் சமமான வாக்கு. நீதிபதி கடைசியில்தான் வாக்களிக்க வேண்டும். ஏன்? அவர் முகத்தைப் பார்த்து எங்களைப் போன்றவர்கள் ஒத்துப்போய்விடக் கூடாது என்பதற்காக! அந்த அளவுக்கு இந்த நாட்டின் சட்டம் எங்களை மதித்தது.

யார் குற்றவாளி என்று நான் சொல்லக் கூடாது, சொல்லமாட்டேன். திறந்த நீதிமன்றத்தில் நீங்களும் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கூரை ஒழுகியபோது யாராவது வந்து பார்த்தார்களா என்று பள்ளிச் சமையற்காரர் திமானாவிடம் கேட்டார்கள். அவர் தலையை இடவலமாக ஆட்டினார். நம் ஊரில் அது 'ஆமாம்'. எழுத்தரும் 'வந்தார்கள்' என்று எழுதிவிட்டார். வெசெலின் கையைத் தூக்கினார்.

"ஏம்மா, நீ ஜெர்மனில எத்தனை வருஷம் சமைச்ச?"

"பதினாறுண்ணே."

"அப்ப இது எந்த நாட்டுத் தலை? வாயால சொல்லு தாயி."

"யாரும் வரலண்ணே. ஒருத்தரும் வரல."

சாட்சியை மரியாதையாக விளிக்கும்படி நீதிபதி கடிந்துகொண்டார். எழுத்தர் 'வரவில்லை' என்று திருத்தி எழுதினார்.

பிறகு எனக்குத் தொலைபேசி மிரட்டல் வந்தது. "உன் பொண்ணோட சிவப்புத் தொப்பி நல்லாருக்கு" என்றது ஒரு குரல். விலகிவிடுகிறேன் என்று வெசெலினிடம் அழுதேன்.

"உன் இஷ்டம், பிலியானா. ஆனா நீ போனா எல்லாம் முதல்லேருந்து. தினமும் ஒரே ரோட்டுல ஓட்டி எனக்குப் பழக்கம். அந்தத் தாய்மாருங்க மறுபடியும் கூண்டுல ஏறி அதையே சொல்லணுமா?"

விலகவில்லை. அண்ணே, கடைசியில் நீங்களே போய்விட்டீர்களே!

மாற்று நடுவர் எப்போதோ பயந்து ஒதுங்கிவிட்டார். தீர்ப்பளிப்பவர் எல்லாச் சாட்சிகளையும் தம் காதால் கேட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். நியாயமான சட்டம்தான். இன்று அதுவே நம் நெஞ்சில் ஏறி மிதிக்கிறது! முதல் சாட்சியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். திமானா ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார். வழக்குக்கான காலவரம்பும் நெருங்குகிறது. அது கடந்துவிட்டால் தீர்ப்பே கிடையாது. புதிய நடுவர் வேண்டும் என்று நகர்மன்றம் கேட்டும் ஒரு பெயர்கூட வரவில்லை. ஒன்றுகூட இல்லை!

உங்கள் பணியைத் தொடர்வேன் என்று உறுதி சொல்லத்தான் வந்தேன், அண்ணே. தொலைபேசி இன்னும் ஒலிக்கிறது. மகளை வாசலுக்கு அனுப்பவே பயப்படுகிறேன். ஆனாலும் விலகமாட்டேன். ஆனால் நான் ஒருத்தி இரண்டு நாற்காலிகளில் உட்கார முடியாதே!

இத்தனை பேர் அழுகிறீர்கள். இறந்தவர் நினைவாகத் தரும் இனிப்புக் கோதுமையைப் பரிமாறும் முன்பே நான் நகர்மன்றத்துக்குப் புறப்படுகிறேன். புதிய நடுவராகப் பெயர் கொடுக்க என்னோடு வரப்போவது யார்? எழுந்து நில்லுங்கள். ஒரே ஒருவர் போதும்.