இருபது நிமிடம் கேட்ட பெரிய சிஸ்டர்

பெரிய சிஸ்டர் கடைசியாக எப்போது வேளைக்கு உட்கார்ந்து சாப்பிட்டார்? இந்த மருத்துவமனையின் உணவியல் துறைக்குத் தலைவியாக இருக்கும் எனக்கு இதற்குப் பதில் தெரியாது.

மேடையில் இருக்கும் கண்காணிப்பாளர் அவர்களே, மருத்துவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிஸ்டரின் கணவரே, மகளே, சீருடையோடு சுவரோரம் நிற்கும் செவிலியர்களே, வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தாய் என்றார்கள், தெய்வம் என்றார்கள். எனக்கு அப்படிப் பேச வராது. இருபத்தாறு ஆண்டுகள் இங்கே உழைத்து மறைந்த நம் தலைமைச் செவிலியருக்கு நான் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு, அழுத்தத்தைத் தாங்க உடலுக்கு என்ன உணவு வேண்டும் என்று செவிலியர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். திரையில் நாற்பது படங்கள். அழுத்தம் வந்தால் கார்டிசோல் என்ற ஹார்மோன் கூடும். சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுக் காப்பியிலேயே ஓட்டினால் நடுக்கமும் எரிச்சலும் தூக்கக்கேடும் சேரும். பருப்பு, கீரை, முட்டை, பழம், முக்கியமாக வேளை தவறாமை. எல்லாம் சரியான தகவல்தான். வகுப்பு நடந்ததோ பகல் ஒன்று முதல் இரண்டு வரை! அப்போதுதான் எல்லோரும் கிடைப்பார்கள் என்று நானே குறித்த நேரம்.

முப்பதாவது படத்தில் பெரிய சிஸ்டர் கை தூக்கினார்.

“மேடம், ஒரு சந்தேகம். வேளை தவறக்கூடாதுன்னு சொல்றீங்க. இப்ப எந்த வேளை?”

அறையே சிரித்தது. “விடுங்க சிஸ்டர், கீரையைப் படத்துலயாவது பாத்துட்டோம்,” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. நான் சிரிக்கவில்லை. அடுத்த படத்துக்குப் போனேன்.

மறுவாரம் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேனா? நினைவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். பணிப் பட்டியலிலேயே ஒவ்வொரு செவிலியருக்கும் இருபது நிமிட உணவு நேரத்தை எழுதவேண்டும், அந்த நேரத்துக்கு மாற்று ஆள் வேண்டும். அதற்கு என் பரிந்துரைக் கையெழுத்து தேவை.

“ஆதாரம் இருந்தா பாக்கலாம் சிஸ்டர்,” என்றேன்.

“பசிக்கு ஆதாரமா மேடம்?”

கேட்டாரே தவிர, கோபித்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதினார். முப்பத்தொரு செவிலியர்கள். யார், எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார், நின்றா உட்கார்ந்தா, யாருக்குத் தலைசுற்றியது, யார் கையில் ஊசி மருந்தின் அளவு தப்பப் பார்த்தது! அதைப் புரட்டிவிட்டு நான் என்ன சொன்னேன்? “எண்ணிக்கை குறைவு. ஒப்பிட இன்னொரு குழு இல்லை,” என்றேன். நோட்டை மேசை டிராயரில் போட்டேன். ஆய்வு முறைப்படி நான் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஒரு மனுஷி இருபது நிமிடம் சாப்பிடுவதற்கு எதற்கு ஆய்வு?

மாரடைப்பில் அவர் போனதற்கு உணவுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். அது எனக்குத் தெரியாது. நேற்று அந்த நோட்டை எடுத்து முதல்முறையாக முழுதும் படித்தேன். அதில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். அவர் இல்லை. அன்றே கவனித்திருந்தால், “நீங்க சாப்பிட்டீங்களா சிஸ்டர்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

இப்போது மணி ஒன்று இருபத்தைந்து. அவருக்கான இரங்கல் கூட்டத்தையும் சாப்பாட்டு நேரத்தில்தான் வைத்திருக்கிறோம்! ஆகவே முடித்துக்கொள்கிறேன். பரிந்துரைக் கடிதத்தில் நாளை கையெழுத்திடுவேன். ஆணை வரும்வரை பகலில் நானே வார்டில் மாற்று ஆளாக நிற்பேன். செவிலியர்களே, தயவுசெய்து போய்ச் சாப்பிடுங்கள்.

மறுநாள் சேர்த்த குறிப்பு:

ஒரு மணிக்கு அறுவை சிகிச்சை வார்டுக்குப் போனேன். “நிஜமாவே வந்துட்டீங்களா மேடம்!” என்றாள் அங்கிருந்த செவிலியர்களில் ஒருத்தி. பணியில் இருந்த இருவரில் அவளைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தொலைபேசிக்கு அருகே உட்கார்ந்தேன். ஏழாம் நிமிடம் ஒரு கட்டிலில் டிரிப் தீர்ந்தது. இன்னொருத்தி வேறொரு நோயாளியிடம் இருந்தாள். டிரிப்பைத் தொடும் தகுதி எனக்கில்லை. சாப்பிடப் போனவளையே கூப்பிட்டேன். ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

“பரவால்ல மேடம், பாதி சாப்பிட்டேன்.”

அறைக்குத் திரும்பிக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்: மாற்றாக வருபவர் செவிலியராகவே இருக்கவேண்டும். கையெழுத்திட்டு, நோட்டையும் சேர்த்துக் கண்காணிப்பாளரிடம் நேரில் கொடுத்தேன்.

“வச்சுட்டுப் போங்க, பாக்கறேன்,” என்றார்.

நான் போகவில்லை. சற்றுப் பொறுத்து அவர் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார்.