சொல்லி வைச்ச பிள்ளை

இல்லை மாமா, ரீவி ஓடட்டும், நிப்பாட்ட வேண்டாம். உங்களுக்கு உந்தப் பந்து விளையாட்டுப் பிடிக்காதெண்டு தெரியும். ஆனா உவனைப் பற்றிக் கேட்டிட்டுத்தான் நீங்கள் போகவேணும். அந்தப் பழத்தட்டத்தை மேசையிலை வையுங்கோ. அம்மா தேத்தண்ணி போடுறா.

உந்த உயரமான பெடியன்தான். பாஸ்கெட்போல் விளையாடுறவன். ஒரு ரீமோடை நாலு வருசக் கொன்ராக்ற், இப்ப முடிஞ்சுது. இனி அவன் ஃப்ரீ எண்டு நினைப்பியள், என்ன? நானும் அப்பிடித்தான் நினைச்சனான். வேலையிலை ஒராள்தான் விளங்கப்படுத்தினவர். அவன் றெஸ்ற்றிக்ரட் ஃப்ரீ ஏஜன்றாம். பேரிலை ஃப்ரீ இருக்கு, அவ்வளவுதான். வேறை ரீமோடை பேசலாம், கையெழுத்தும் வைக்கலாம். ஆனா பழைய ரீம் ஒண்டு ரெண்டு நாளுக்குள்ளை, அதே சம்பளம் நாங்களும் தாறம் எண்டு சொன்னால் காணும். மட்ச் பண்ணுறது எண்டு அதுக்குப் பேர். பெடியன் அங்கைதான் நிக்கவேணும். கேட்டு வந்த ரீம் வெறுங்கையோடை போகவேண்டியதுதான்.

இன்னும் இருக்கு, கேளுங்கோ. எப்பிடியும் பழைய ரீம் விடாதெண்டு எல்லாருக்கும் தெரியும். பிறகென்னத்துக்கு மினக்கெடுவான் எண்டு ஒருத்தரும் கேக்கவே வரமாட்டினம். ஒருத்தரும் கேக்காட்டிப் பழைய ரீமுக்கு என்ன அவசரம்? கோடை முழுக்க உவன் ஃபோனைப் பாத்துக்கொண்டு இருக்கிறான்.

என்ன சிரிக்கிறியள்? எனக்குச் சிரிப்பு வரேல்லை.

ஸ்ரௌவ்விலிலை உங்கடை வீடு குடிபூரலண்டைக்கு எனக்கு இருபத்திரண்டு வயது. நான் வடைத்தட்டோடை நிக்க, அவ்வளவு சனத்துக்கு முன்னாலை என்ன சொன்னியள்? நிரூபா எங்கடை கஜீவனுக்கெண்டு சொல்லி வைச்சது எண்டியள். அம்மாவின்ரை கூடப்பிறந்த அண்ணை எண்டபடியால் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. பன்ரண்டு வருசம் மாமா. கோயில்லை அன்ரிமார் என்னைக் கண்டால், அது சொல்லி வைச்ச பிள்ளை எண்டு அடுத்த பிள்ளையைப் பாக்கப் போவினம். மிசிசாகாவிலை இருந்து ஒரு நல்ல சம்பந்தம் வாசல் வரைக்கும் வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டிட்டுச் சப்பாத்தும் கழட்டாமல் திரும்பிப் போச்சினம்.

உங்கடை மோன் முதல் படிப்பெண்டார். பிறகு கொண்டோ வீடு வாங்கவேணும் எண்டார். பிறகு வன்கூவருக்குப் போனார். ஓமெண்டும் சொல்லேல்லை, வேண்டாமெண்டும் சொல்லேல்லை. என்ரை பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம் அனுப்புவார். எனக்குக் கொதிக்குது மாமா. இவ்வளவு நாளும் கொதிச்சதுதான், இண்டைக்குத்தான் வாயைத் திறக்கிறன்.

ஞாயிற்றுக்கிழமை எட்வேட்டின்ரை வீட்டாக்கள் வந்து என்னைக் கேட்டவை. இண்டைக்குச் செவ்வாய். பன்ரண்டு வருசம் வராத தட்டம் ரெண்டு நாளிலை வந்திட்டுது. கஜீவன் இப்ப ஓமெண்டுறாராம். இதுதான் மாமா மட்ச் பண்ணுறது.

முறைமச்சான் எண்ட உரிமையோ? பொறுங்கோ, அதுக்குத்தான் வாறன். வேலையிலை ஒராள் எண்டன் எல்லே, அது எட்வேட்தான். அவர் இன்னொண்டும் சொன்னவர். பழைய ரீமுக்கு மட்ச் பண்ணுற உரிமை சும்மா கிடைக்காது. முதல்லை அவை அந்தப் பெடியனுக்கு எழுத்திலை ஒரு ஒஃபர் குடுக்கவேணும். இவ்வளவு தாறம், ஒரு வருசம் நில் எண்டு. குடுக்காட்டி அவன் உண்மையாவே ஃப்ரீ, ஒருத்தரும் மறிக்கேலாது. அதைக் கேட்டண்டைக்கு லஞ்ச் ரூமிலை இருந்து அழுதனான், எல்லாரும் பாக்க. நீங்கள் ஒருநாளும் என்னைக் கேக்கேல்லை மாமா. சொல்லித்தான் வைச்சியள்.

அம்மாவைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை. மெல்லப் பேசுங்கோ, அவவுக்கும் இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவை வந்து கேட்டது அவவின்ரை மரியாதைக்கு. நானும் எட்வேட்டும் போன மாதமே சிற்றி ஹோலிலை கலியாணத்துக்குக் கையெழுத்து வைச்சிட்டம்.

தேத்தண்ணி வருது. சீனி காணுமோ எண்டு பாருங்கோ.