எட்டாம் நாளைக் காணாதவர்கள்

— ஒரே ஒரு தடவை வா, அயோர்கோர். பூசாரி முன்னால நின்னு, சாபத்த எடுத்துட்டேன்னு சொல்லிட்டுப் போயிடு. போதும்.

— நான் யாருக்குய்யா சாபம் விட்டேன்?

— என் பொண்டாட்டி வீட்டுக்காரங்க அப்படித்தான் சொல்றாங்க. நேத்து பொறந்த புள்ள விடியறதுக்குள்ள போயிடுச்சு. இது ரெண்டாவது. என் ரெண்டு உள்ளங்கையில அடங்கிடுச்சு.

— பாவம் அந்தப் பொண்ணு. உன்னோட வாழ்ந்தப்ப எனக்குப் பொறந்த மூணும் அப்படித்தானே. எட்டாம் நாள் பேர் வைக்கலாம்னு காத்துக் கிடந்தேன். ஒண்ணுகூட அந்த நாளப் பாக்கல.

— அதனாலதான் சொல்றாங்க, உன்ன அனுப்பிவிட்ட வயித்தெரிச்சல்னு.

— அனுப்பிவிட்டியா? ராசியில்லாதவள்னு விரட்டினே, போர்கெட்டே. கேளு. இந்த தேமா டவுனுக்கு வந்து துணி விக்கிறேன், இன்னொருத்தனக் கட்டினேன். என் முதுகுல தூங்குறாளே, இவளுக்கு ரெண்டு வயசு. ஒரு இருமல் கிடையாது.

— அதான் எனக்கும் விளங்கல.

— இதுல விளங்க என்ன இருக்கு? உங்க வீட்டு மீன் அடுப்புதான். எட்டு வருஷம் அந்தக் கொட்டகையில குனிஞ்சு நின்னு மீன் வாட்டினேன். புகையில இருக்குற கரித்தூள் கண்ணுக்கே தெரியாதாம். நெஞ்சுக்குள்ள போயி, ரத்தத்துல கலந்து, வயித்துல இருக்குற புள்ள வரைக்கும் போகுமாம். புள்ள வளராதாம். இங்க நர்சம்மா சொன்னாங்க.

— நர்சுங்க ஆயிரம் சொல்லுவாங்க. எங்கம்மா அந்த அடுப்புல நின்னுதான் என்னப் பெத்தா.

— உனக்கு முன்னாடி எத்தனையப் புதைச்சான்னு கேட்டிருக்கியா?

— ரெண்டுன்னு சொல்லுவா.

— கேளு. உன் ரெண்டாங் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் அங்க வந்தேன். நீ கடலுக்குப் போயிருந்தே. அந்தப் பொண்ணு மாசமானா அடுப்புக்கிட்ட விடாதீங்கன்னு உங்கம்மா கையப் பிடிச்சுச் சொன்னேன். தலையக் குனிஞ்சுகிட்டே கேட்டா. உங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த ரெண்டும் பொழைச்சிருக்கும்.

— சொன்னா.

— என்ன?

— அன்னைக்கு சாயங்காலமே சொன்னா, அழுதுகிட்டே. கட்டிக்கப் போறவ காதுல விழுந்தா அடுப்புப் பக்கமே வரமாட்டா, வாயத் தொறக்காதேம்மான்னு நாந்தான் சொன்னேன்.