புதுக் கம்பளி

ஆரஞ்சுப் பழத்த அந்த மேசையில வைங்கண்ணே. என் கையில குடுக்காதீங்க. கையில வாங்குனா நவமணி மன்னிச்சிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. உக்காருங்க. தேத்தண்ணி கலக்குறேன். என்னாதான் கோவம்னாலும் வந்தவங்கள வெறும் வாயோட அனுப்புற வீடு இல்ல இது.

பேரன் எப்படி இருக்கான்? சோறு திங்கிறானா? நல்லா இருக்கட்டும். உமாபதி மேல எனக்கு என்னா கோவம், பச்சப் புள்ள. என்னா? டாக்டர் சொன்னாரா? ஐஸ் தண்ணியில போட்டதாலதான் பொழச்சான்னா? அதத்தான அன்னிக்கி திடல்ல என் மவன் தொண்ட கிழியக் கத்துனான். அவன் சொன்னப்ப உங்களுக்குக் காது கேக்கல. வெள்ளக் கோட்டு போட்டவரு சொன்னதும் நல்லா கேட்டிருச்சு.

இல்ல, நீங்க பேசாதீங்க. ரெண்டு வாரமா நான் பேசாம இருந்தேன்லா. இப்ப நான் பேசுறேன், நீங்க கேளுங்க.

ஓட்டப் போட்டி எத்தன மணிக்குன்னு நோட்டீஸ் அடிச்சீங்க? காலையில வெயிலு ஏறுறதுக்கு முன்னாடின்னுதான? சட்டமன்றத்து ஒய்பி வரல, ஒய்பி பத்தாங் பெர்ஜுந்தாய் தாண்டிட்டாரு, இந்தா வந்துட்டாருன்னு புள்ளைங்கள வரிசையா நிப்பாட்டி வச்சீங்க. அவரு வந்து, மாலையப் போட்டு, பேசி முடிச்சி, படம் புடிச்சி, கொடிய ஆட்டுறப்ப உச்சி வெயிலு. என் சின்னவன் சுகுமாறன் உங்ககிட்ட வந்து மெதுவாத்தான் சொன்னான். மாமா, இந்த வெயில்ல ஓட விடாதீங்க, சாயந்தரம் வச்சுக்கலாம்னு. நீங்க என்னா செஞ்சீங்க? மைக்க எடுத்தீங்க. நம்ம ஆர்மி கோப்ரல் யூனிவர்சிட்டியில ஓட்டம் படிக்கிறாரு, ஓடுறதுக்கே பட்டம் வாங்கப் போறாருன்னீங்க. திடலே சிரிச்சிச்சு. ஒய்பியும் சிரிச்சாரு. நான் பரிசு மேசகிட்ட, செத்துப்போன என் பெரியவன் விமலன் பேரு போட்ட கோப்பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மண்ணுக்குள்ள போயிறலாம் போல இருந்துச்சு.

அது என்னா படிப்புன்னு உங்களுக்குத் தெரியுமா? எக்சர்சைஸ் சயன்ஸ். ஒடம்பு பாடுபடுறப்ப உள்ளுக்குள்ள என்னா நடக்குதுன்னு படிக்கிறது. நெஞ்சு எப்படி அடிக்குது, வேர்வ ஏன் வருது, சூடு எதுவரைக்கும் தாங்கும், தாங்கலன்னா என்னா ஆகும். கேம்ப்புல புதுசா சேர்ற பசங்க பயிற்சியில சுருண்டு சுருண்டு விழுறாங்களாம். அதுக்கு வெவரம் தெரிஞ்ச ஆளு வேணும்னு ஆர்மியே சம்பளத்தக் குடுத்து அனுப்பியிருக்கு. கூடப் படிக்கிறதெல்லாம் நேத்து ஸ்கூல் முடிச்ச புள்ளைங்க. இவன் ஒட்ட வெட்டுன தலையோட பின்னாடி உக்காந்து, புரியாத இங்கிலீசெல்லாம் மனப்பாடம் பண்றான். லீவு விட்டா மத்த புள்ளைங்க ஊர் சுத்தும், இவனுக்கு கேம்ப்புல டூட்டி. பக்கத்து வீட்டு புஷ்பா கேக்குறா, தண்டால் எடுக்க எதுக்கு நாலு வருசம்னு. அவ கேக்கட்டும். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கேக்கலாமாண்ணே? விமலன் ஓடி விழுந்த எடத்துல நின்னுக்கிட்டு நீங்க சிரிக்கலாமா?

உமாபதி செம்பனத் தோட்டத்துப் பாதையிலேர்ந்து தள்ளாடிக்கிட்டு வந்தான். எதையோ ஒளறுனான். திடலுக்குள்ள கால வச்சதும் விழுந்தான். தொட்டா அடுப்புச் சட்டி மாதிரி சுட்டுச்சு. சுகுமாறன் ஒரு நொடி நிக்கல. சீனி முகம்மது பாய் கடையில சோடாப் போத்தல் மெதக்கும் பாருங்க அந்த நீலத் தோங்குத் தொட்டி, அதுலேர்ந்து போத்தலெல்லாம் அள்ளி வீசிட்டு, ஐஸ் தண்ணியில பையன கழுத்து வரைக்கும் எறக்கிட்டான். பாய் பாவம், ஒண்ணும் கேக்காம இருக்குற ஐஸையெல்லாம் கொண்டாந்து கொட்டுனாரு.

நீங்க காரக் கொண்டாந்து நிறுத்திட்டு ஏத்துடா ஏத்துடான்னீங்க. அவன் ஏத்த விடல. மொதல்ல சூடு எறங்கணும், அப்புறந்தான் ஆஸ்பத்திரின்னான். ஒடனே கொடிக் கம்பப் புடுங்கி அடிச்சீங்க. முதுகுல அடிச்சீங்க, காதுல அடிச்சீங்க. காதுல தையல் போட்டிருக்குண்ணே. அவன் ஏன் தடுக்கலன்னு ஒரு நாளாச்சும் யோசிச்சீங்களா? ஆர்மிக்காரன், ஒரு தள்ளு தள்ளுனா நீங்க அந்தப் பக்கம் கெடப்பீங்க. ரெண்டு கையும் உங்க பேரன் கக்கத்துல இருந்துச்சு. கைய எடுத்தா பையன் தல தண்ணிக்குள்ள போயிரும். அதான் நின்னு வாங்கிக்கிட்டான்.

அதோட விட்டீங்களா? மறுநாளே மன்றத்துச் செயலாளரக் கூட்டிக்கிட்டு கேம்ப்புக்குப் போயி, குடிச்சிட்டு வந்து பையனத் தண்ணியில முக்கிக் கொல்லப் பாத்தான்னு சொன்னீங்க. குடிச்சிட்டா? அவன் வாயில அந்தக் கருமம் பட்டதே இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா? எந்த வயித்தெரிச்சல்ல சொன்னீங்க? இப்ப விசாரண நடக்குது. யூனிக்குப் போகாதன்னுட்டாங்க. கடைசி செமஸ்டர்ணே. தப்பு இவன் மேலன்னு முடிவாச்சுன்னா படிப்பும் போச்சு, கோப்ரலும் போச்சு.

பயத்துல செஞ்சிட்டீங்களா? பயம் எனக்குத் தெரியாதா? அதே திடல்ல பெத்த புள்ளைய மடியில போட்டுக்கிட்டு கதறுனவ நான். அன்னிக்கி நீங்க செஞ்சத நான் மறக்கல. உங்க மக கல்யாணத்துக்கு வாங்கி வச்சிருந்த புதுக் கம்பளி, பிளாஸ்டிக்கக்கூட பிரிக்காதது, கிழிச்சி எடுத்துட்டு ஓடி வந்து விமலனுக்குப் போத்துனீங்க. தோட்டத்து லோரியில அவன் தலைய உங்க மடியில வச்சுக்கிட்டு வந்தீங்க. ஆஸ்பத்திரியில நெஞ்சு நின்னுருச்சுன்னு சொன்னப்ப அவங்க அப்பாவ விட நீங்கதான் அழுதீங்க. வருசா வருசம் அவன் பேருல ஓட்டம் வைக்கிறீங்க. அதுக்காகத்தான் இன்னிக்கி கதவத் தொறந்தேன். வேற யாராவது என் புள்ளைய அப்படி அடிச்சிருந்தா தொடப்பக் கட்டதான்.

சரி, கேம்ப்புக்கு எப்ப வரீங்க? போன்லயா? போன்ல வேணாம். நேர்ல போயி சொன்னத நேர்ல போயித்தான் திருப்பி வாங்கணும். நான் சொன்னது பொய்யின்னு அந்த ஆபீசர் முன்னாடி உங்க வாயால சொல்லணும். என்னா, மன்றத் தலைவரு மானம் போயிருமா? கொடிக் கம்பால அடி வாங்குனவனுக்கு மானம் இல்லையா? தரையப் பாக்காதீங்கண்ணே, என்னப் பாத்துச் சொல்லுங்க. இன்னும் யோசன. இன்னும் உங்களுக்கு யோசன.

அப்ப ஒண்ணு கேட்டுக்கிட்டுப் போங்க.

போன வருசம் ஒரு நாள் மத்தியானம், வகுப்புல பாதியில வெளிய வந்து எனக்குப் போன் போடுறான். அம்மா, அண்ணன் விழுந்தப்ப ஒடம்பு சுட்டுச்சா, ஒளறுனாரான்னு கேக்குறான். ஆமாய்யான்னேன். அண்ணனுக்கு என்னாம்மா போத்துனாங்கன்னான். நான் பெருமையா சொல்றேன், திரு மாமா புதுக் கம்பளிய எடுத்தாந்து போத்துனாருய்யான்னு. அந்தப் பக்கம் அழுவுறான். அப்புறம் சொன்னான். அண்ணனுக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லம்மா, சூடுதான் கொன்னுருக்கு. அன்னிக்கி அம்மா நீங்க வாளியில கொண்டாந்த தண்ணிய ஊத்தியிருந்தா பொழச்சிருக்கலாம்னான்.

நெனவு இருக்கா நான் கொண்டாந்த அந்த வாளி? சூட்டு ஒடம்புல பச்சத் தண்ணி படக்கூடாது, ஜன்னி கண்டுரும்னு காலால தள்ளி விட்டீங்க. அப்புறந்தான் கம்பளி.

எந்திரிக்காதீங்க, உக்காருங்க. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும். நானும் அப்ப ஜன்னின்னுதான் பயந்தேன். திரு மாமாகிட்ட சொல்லிறாதீங்கம்மா, அவரு தாங்க மாட்டாருன்னான் என் மவன். அவனுக்காகத்தான் இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்தேன். கம்பளி அந்த அலமாரியிலதான் இருக்கு, தொவச்சி மடிச்சி.

தோங்குல உங்க பேரனப் புடிச்சுக்கிட்டு நிக்கிறப்பவும் அவனுக்கு இது தெரியும்ணே. நீங்க அடிக்கிறப்பவும் தெரியும். தெரிஞ்சுதான் கைய விடல.

தேத்தண்ணி ஆறிப்போச்சு, குடிங்க. திங்கக்கிழம காலையில கேம்ப்பு. நானும் வரேன்.