உறங்கும் மகளின் இருபுறமும்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் ஒரு தாயும் தந்தையும் அமர்ந்திருந்தனர். இருவருக்கும் நடுவே, துணிப்பையை அணைத்தவாறு பதின்மூன்று வயது மதிக்கத்தக்க மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். தாய் கூறியதொன்று என்னைச் செவிசாய்க்கச் செய்தது.

“அவள எழுப்பீராதீங்க. எந்திரிச்சா, மில்லு வேலைக்குப் போறேன்னு மறுக்கா சிரிச்சுட்டே சொல்லுவா. என்னால கேக்க முடியாது.”

தந்தை சன்னல் கண்ணாடியை ஏற்றினார், உடனே இறக்கினார்.

“அவளாத்தானே கேட்டா, படிச்சது போதும், மில்லுல கொண்டுபோயி விடுங்கன்னு?”

“ஏன் கேட்டா? அந்த ஒத்த ரூமு எஸ்டேட்டு லைன் ஊட்டுல நாம மொகம் பாத்துப் பேசி எத்தன நாளாச்சு? ‘அப்பாகிட்டச் சொல்லு’ன்னு நானு, ‘உங்கம்மாகிட்டச் சொல்லு’ன்னு நீங்க. தூது போயே சலிச்சுட்டா. பள்ளிக்கூடத்துக்குப் போனா சாயங்காலம் ஊட்டுக்கு வரோணும். மில்லுன்னா அங்கயே தங்கிக்கலாமில்ல.”

“அதுக்கு நானொருத்தன்தான் காரணமா?”

“இல்லீங்க. நானுந்தான்.”

கண்ணாடி மறுபடியும் ஏறி இறங்கியது. கொண்டையூசி வளைவொன்றைக் கடந்தபின் அவர் கேட்டார்:

“இப்ப மட்டும் எங்கூட எப்படிப் பேசறே?”

“தூது போறவ தூங்கறாளே.”

பர்லியாறு நிறுத்தத்தில் பேருந்து நின்றதும் தந்தை எழுந்து, மகளின் தோளைத் தொட்டார்.

“எந்திரி சாமி. இங்கயே எறங்கி ஊட்டுக்குத் திரும்பிப் போலாம். நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குதில்ல.”

அவள் திகைத்து விழித்தாள். பையைத் தோளில் மாட்டியபடியே, பழகிய குரலில் வினவினாள்:

“அம்மாகிட்டச் சொல்லட்டுங்களாப்பா?”

“வேண்டாம் சாமி. நானே பேசிட்டேன்.”